ழகரம் வராத பெட்டி

ஷேக் அலாவுதீன் முதலாளி வரும் நேரம் நெருங்கிவிட்டது. பெட்டி இன்னும் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போலத்தான் பேசிக்கொண்டிருந்தது.

"வாளிக்குள்ள தலைய விட்டுப் பேசற மாதிரி இருக்கு, ருக்கையா! சாதாரணமாப் பேசு!" என்று சீனி முகம்மது பலகைத் தடுப்பைப் பார்த்துக் கத்தினார்.

"சாதாரணமாத்தான் பேசறேன்" என்றது பெட்டி, கிணற்றுக்குள்ளிருந்து.

தடுப்புக்கு அந்தப் பக்கம் சமையல்கட்டு. அங்கே, பழைய டெலிபோனிலிருந்து கழற்றிய மைக்கின் முன்னால் அவர் மனைவி ருக்கையா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் வால்வுகள் வைத்த மெஷின். அதிலிருந்து ஒரு வயர் தடுப்பின் ஓட்டை வழியாக முன்கூடத்துக்கு வந்து, தடுப்பை ஒட்டிப் போட்டிருந்த முக்காலியின் மேலிருந்த பெட்டிக்குள் போனது.

அப்போது பினாங்கில் ஒலிபெருக்கி என்றால் யானைக் காது போல ஒரு பெரிய குழாய். அதை வீட்டில் வைத்தால் மனிதர் வெளியே உட்கார வேண்டும். போதாததற்கு, யார் பேசினாலும் மூக்கடைத்தவன் பேசுவதாகவே கேட்கும். பிஸ்கோத்து டின் அளவில் ஒரு பெட்டி, அதிலிருந்து மனிதர் பேசுவது போலவே குரல்! கிராமபோன் ரிப்பேர் பார்த்துப் பிழைத்த சீனி முகம்மது இந்தக் கனவுக்காகத் தன் சாயங்காலங்களைக் கொடுத்திருந்தார். ருக்கையாவின் சாயங்காலங்களையும் அவரே எடுத்துக் கொடுத்திருந்தார். "பேசு" என்பார், பேசுவாள். "நிறுத்து" என்பார், நிறுத்துவாள்.

இப்போது அவசரத்துக்கு அவளுடைய கம்பளிச் சால்வையை வெட்டிப் பெட்டியின் உட்புறம் ஒட்டினார். அது ருக்கையாவுக்கு அவள் உம்மா கொடுத்தது. சமையல்கட்டில் அம்மியில் அரைத்துக்கொண்டிருந்த மைத்துனி மஹ்பூபா எட்டிப் பார்த்துவிட்டு, "மச்சான், அது அக்காவோட சால்வை!" என்றாள்.

"சத்தத்துக்கு நல்லது" என்றார் அவர்.

வாசலில் ரிக்‌ஷா நின்றது. பினாங் ரோட்டில் பெரிய கிராமபோன் கடை வைத்திருந்த ஷேக் அலாவுதீன் முதலாளி, துண்டால் நாற்காலியைத் தட்டி உட்கார்ந்தார். அவருக்குப் பிடித்துவிட்டால் பெட்டி அந்தக் கடைக்குப் போகும். சீனி முகம்மது பிறகு அடுத்தவர் கிராமபோனுக்கு எண்ணெய் போட வேண்டாம்.

"ஆரம்பிக்கலாம் லா" என்றார் முதலாளி.

"ருக்கையா, பேசு!"

பெட்டி வாயே திறக்கவில்லை. "ருக்கையா!" என்று சீனி முகம்மது மறுபடி கூப்பிட்டார். உள்ளே ஏதோ நகர்ந்தது. பிறகு குரல் வந்தது.

"அஸ்ஸலாமு அலைக்கும் முதலாளி. இன்னிக்குப் பசார்ல கெம்போங் மீன் நல்லா இருந்திச்சு. ஆணம் வச்சிருக்கேன். சாப்பிட்டுத்தான் போகணும்."

முதலாளி நெற்றியைச் சுருக்கினார். "கொஞ்சம் கரகரன்னு இருக்கே?"

சீனி முகம்மதுவுக்கும் அப்படித்தான் பட்டது. கிணறு போய்விட்டது, உண்மைதான். ஆனால் இப்போது தகரம். "கம்பளி பத்தலை முதலாளி" என்று சொல்லி, தலையணையைக் கிழித்து இலவம்பஞ்சைப் பெட்டிக்குள் திணித்தார். "ருக்கையா, இன்னொரு தடவை! இயற்கையா!"

"மூணு நாளா எனக்குக் காய்ச்சல்" என்றது குரல், முன்னைவிடச் சத்தமாக. "அதான் தொண்டை இப்படி. இவங்களுக்கு அது தெரியாது."

"பஞ்சு வச்சா சத்தம் குறையணுமே, கூடுது!" என்று சீனி முகம்மது பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"காய்ச்சல்னு சொல்லுது" என்றார் முதலாளி.

"அது சும்மா பேச்சு. நீங்க வார்த்தையக் கவனிக்காதீங்க முதலாளி, கொரலை மட்டும் கேளுங்க."

பெட்டிமேல் தன் கைலி ஒன்றைப் போர்த்தினார். திருகுகளை முறுக்கினார். குரல் மேலும் உயர்ந்தது.

"எங்க உம்மா மவுத்தான அன்னிக்கு நான் அளுதேன். 'எவ்வளவு இயற்கையா இருக்கு, மைக் கிட்ட வந்து ஒரு தடவை அளு'ன்னு இவங்க கூப்பிட்டாங்க. நானும் போய் அளுதேன்."

முதலாளி தொண்டையைச் செருமினார்.

"ழகரம் வரலையே தம்பி. 'அளுதேன்', 'அளுதேன்'னு கேக்குது."

"அதான் நானும் பாக்கறேன்!" சீனி முகம்மது பெட்டியின் முதுகில் ஓர் அடி வைத்தார். "உள்ளே சத்தம் எழுப்பற கூம்புக் காகிதம் தடிப்பாப் போச்சு. இவ கொரல் இப்படி இருக்கவே இருக்காது. பதினாலு வருசமா கேக்கறேன், எனக்குத் தெரியாதா? இது செத்த கொரல் முதலாளி. இதுல உயிரே இல்லை."

அதன்பின் குரல் வரவில்லை. "பேசு" என்று எத்தனை முறை கூப்பிட்டும் வரவில்லை.

முதலாளி எழுந்தார். "எனக்கும் வீட்ல பொஞ்சாதி இருக்கா தம்பி. எந்தப் பொம்பளையும் இப்படிப் பேச மாட்டா. இதக் கடையில வச்சா ஜனங்க சிரிப்பாங்க லா." ரிக்‌ஷா போய்விட்டது.

சீனி முகம்மது பெட்டியைத் திறந்தார். பஞ்சைப் பிடுங்கினார், கம்பளியைக் கிழித்தார், பல நாள் வெயிலில் காய வைத்து ஒட்டிய கூம்பை விரலால் குத்தி இரண்டாக்கினார். அது சின்னச் சத்தம்கூடப் போடவில்லை. பிறகு, விட்டுவிட மனமில்லாமல், புதுக் காகிதம் ஒன்றை வெட்டி எடுத்துக்கொண்டு சமையல்கட்டுக்குள் நுழைந்தார்.

மைக்கின் முன்னால் ருக்கையாவின் இடம் காலியாக இருந்தது. மஹ்பூபா மட்டும் மீன் ஆணச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தாள்.

"எங்க உங்கக்கா? கூப்பிடு. மெல்லிசு காகிதம் போட்டுப் பாக்கப் போறேன்."

"அக்கா போயிட்டாங்க மச்சான். பின்வாசல் வழியா. அக்கரையில, புக்கிட் மெர்தாஜாம்ல அண்ணன் வீட்டுக்கு. இந்நேரம் ஃபெரி ஏறியிருப்பாங்க."

"வேலை பாதியில கிடக்கு, இப்பவா போறது?" அவருக்கு நிஜமாகவே கோபம் வந்தது. "யார் கொரலை வச்சு நான் சரி பண்றது? சரி, நீ வா. மைக் முன்னால ஒக்காரு. உங்கக்கா மாதிரி மொணங்காம ஒழுங்காப் பேசு."

மஹ்பூபா சட்டியை வைத்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"முதலாளி வந்து ஒக்காந்தப்பவே கரண்டு போயி மெஷின் அணைஞ்சிருச்சு மச்சான். உங்க மானம் போயிரக் கூடாதுன்னு, அக்காதான் தடுப்பு ஓரமா நின்னு அவங்க சொந்த வாயால பேசிக்கிட்டிருந்தாங்க."