எண்பது டிகிரி வரட்டும்

முகம்மது சலீமை விமானம் ஏற்றிவிடப் புறப்பட்ட கார் பக்கத்து ஊரான இலஞ்சியைக்கூடத் தாண்டவில்லை, அதற்குள் முதல் சிக்கல் வந்துவிட்டது.

"மாப்ள, ஓரமா நிறுத்து. மீட்டர் அம்பதுதான் காட்டுது."

ஓட்டிக்கொண்டிருந்த துல்கர்னைன் சட்டென்று காரை ஓரங்கட்டினான். சலீம் அவனுடைய அக்கா அஃப்ரினின் கணவர். தம்மாமில் வேலை, மூன்று வருஷத்துக்கு ஒருமுறைதான் ஊர். அவர் ஆசையாக வாங்கிய பழைய ஆட்டோமேட்டிக் காருக்கு, மலைப்பாதையில் கியர்பாக்ஸ் ஆயில் கொதித்துவிடக் கூடாதே என்று மெக்கானிக் சிவசைலத்திடம் சொல்லி, முன்பக்கம் தனியாக ஒரு கூலரும் சூடு காட்டும் மீட்டரும் பொருத்தியது இவன்தான். பொருத்தியவன் சும்மா இருந்தானா? "எம்பதுலேர்ந்து தொண்ணூத்தஞ்சு, அதான் ஆயிலுக்குச் சரியான சூடு" என்று வீடு முழுக்க வகுப்பு எடுத்தான். இப்போது அந்தப் பாடமே அவன் கழுத்தைப் பிடித்தது.

"ஆயில் சூடு கம்மியா இருந்தாலும் கியர்பாக்ஸ் போயிரும்னு நீதானே சொன்னே?"

"சொன்னேன் மச்சான். ஆனா பிளைட்டு..."

"நடுக்காட்டுல கார் நின்னுட்டா பிளைட்டு நமக்காக நிக்குமா?"

நியாயம்தானே! நாளைக் காலையில் கம்பெனியில் போய் நிற்காவிட்டால் சலீமுக்கு வேலையே போய்விடும். துல்கர்னைன் அவசரமாகச் சிவசைலத்துக்குப் போன் போட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்ததே தவிர, எடுக்க ஆளில்லை.

"இஞ்சினை ஓட விட்டுக் கொஞ்சம் நிப்போம் மச்சான். தானா ஏறிரும்."

நின்றார்கள். குற்றாலத்துச் சாரல் சிலுசிலுவென்று கூலர் மேலேயே அடித்தது. முள் நாற்பத்தைந்துக்கு இறங்கியது.

"காத்துப் படாம மறைக்கணும் மாப்ள. அட்டை ஏதும் கிடக்கா?"

அட்டை இருந்தது. பெயரும் விலாசமும் கொட்டை எழுத்தில் எழுதி, கயிறு போட்டு இறுக்கிக் கட்டிய சலீமின் பயணப் பெட்டிதான்! துல்கர்னைன் பதறியடித்து அதன் மூடியை அறுத்தான். உள்ளேயிருந்த பொரிவிளங்காய் உருண்டைகளும் மசாலாப் பொட்டலங்களும் டிக்கி முழுக்க உருண்டன. ஊறுகாய் பாட்டில் கவிழ்ந்து, பெட்டியில் மடித்து வைத்திருந்த சலீமின் சட்டையெல்லாம் நார்த்தங்காய் மணந்தது. அறுத்த அட்டையோ சாரலில் ஊறித் தொளதொளத்து ரோட்டில் விழுந்தது.

பின் சீட்டிலிருந்த அஃப்ரின் தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஏலே, நீ அவுகளை வழியனுப்ப வந்தியா, எங் குடியைக் கெடுக்க வந்தியா?"

சலீமின் மடியில் மகள் ஹம்னா தூங்கிக்கொண்டிருந்தாள். அவர் ஊருக்கு வந்த புதிதில், அவரைக் கண்டாலே கதவுக்குப் பின்னால் ஒளிந்த பிள்ளை. இப்போது அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டால்தான் அதற்குத் தூக்கமே வருகிறது.

"மேட்டுல ஏத்தினா சூடாயிரும்லா?" என்றார் சலீம்.

"ஆமா மச்சான்! ஐந்தருவி மேடு!"

சீசன் நேரத்தில், அதுவும் ஞாயிற்றுக்கிழமை, உள்ளூர்க்காரன் எவனாவது ஐந்தருவிப் பக்கம் காரை விடுவானா? இவன் விட்டான். முன்னால் கேரளா வேன், பின்னால் மதுரை பஸ், இரண்டு பக்கமும் எண்ணெய் வழிய அருவிக்குக் குளிக்க நடக்கும் கூட்டம். கார் அசையவில்லை. ஹாரன் அடித்து அடித்துத் துல்கர்னைனுக்குக் கைதான் வலித்தது. அங்கேயே நின்றபடி பொழுது போனது, விமானமும் போனது.

சலீம் ஒரு வார்த்தை திட்டவில்லை. "அல்லாஹ் நாடினது அதுதான் மாப்ள, விடு" என்று சொல்லி, ஹம்னாவைத் தோளில் தூக்கிக்கொண்டு பஜ்ஜிக் கடைக்கு நடந்தார். அஃப்ரினும் குடையோடு பின்னால் ஓடினாள்.

அந்தப் பொறுமைதான் துல்கர்னைனைக் கொன்றது. நாலு அறை விட்டிருந்தாலாவது மனசு ஆறியிருக்கும். அக்கா குடும்பத்தின் சோற்றில் மண்ணைப் போட்டுவிட்டோமே என்று, ஸ்டியரிங்கில் முகத்தை வைத்து அழுதே விட்டான் பாவம்.

யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். அருவியில் குளித்துவிட்டு ஈரத்துண்டோடு நின்றார் மெக்கானிக் சிவசைலம்.

"என்ன தம்பி, அழுதியளா?"

"போச்சு அண்ணாச்சி! மீட்டர் அம்பதைத் தாண்டவே இல்ல. அதைச் சூடாக்குதேன்னு சுத்தி, மச்சானோட பிளைட்டை விட்டுட்டேன்!"

சிவசைலம் தலை துவட்டுவதை நிறுத்தினார்.

"அது கூலர்ல ஆறி வருத ஆயிலோட சூடுல்லா! அங்க அம்பது காட்டினா, பாக்ஸுக்குள்ள எம்பத்தஞ்சு இருக்கும், தாராளமா ஓட்டலாம்னு நேத்தே சலீம் பாய்கிட்ட சொன்னேனே. இதைக் கேக்கத்தானே கடைக்கு வந்தாரு!"