பருப்பின் மேல் போட்ட பழி

கட்டுகஸ்தோட்டை,
வெள்ளிக்கிழமை.

கலஹாவில் இருக்கும் மதிப்புக்குரிய சம்பந்தியம்மா ஜெயராணி அவர்களுக்கு, உங்கள் மகளின் மாமனார் கறுப்பையா வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு யாவரும் நலம்; அழுகிறவளும் நலமாகவே அழுகிறாள். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று அறிய ஆவல். போனில் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறீர்கள். மகன் தினேஸ் வேறு, "மன்னிப்புக் கேட்டு எழுதுங்கப்பா, அத்தை வராம முப்பத்தோராம் நாளுக்குப் பேர் வைக்க நிஷாந்தினி விடமாட்டா" என்று சொல்லிவிட்டான். முப்பத்தோராம் நாள் வருகிற ஞாயிறு. ஆகவே எழுதுகிறேன்.

முதலில் நடந்ததை நடந்தபடி சொல்லிவிட வேண்டும். பாப்பா பின்னேரம் ஐந்து மணிக்கு அழ ஆரம்பித்தால் ஏழு மணிவரை அழுகிறாள். முகம் சிவந்து, காலை வயிற்றோடு மடக்கி, முக்கி முக்கி அழுகிறாள். நீங்கள் தோளில் போட்டுத் தட்டி, "காத்துத்தான் சம்மந்தி, ஏப்பம் விட்டா சரியாயிரும்" என்றீர்கள். நான் இருபத்தொன்பது வருஷம் தேயிலை ஸ்டோரில் கொழுந்தைத் தூளாக்கும் டீமேக்கராக இருந்தவன். தூளில் குறை என்றால் கொழுந்தில் குறை இருக்கும். காரணம் இல்லாமல் எதுவும் கெடாது. அன்று மத்தியானம் உங்கள் மகள் நிஷாந்தினிக்கு நீங்கள் பருப்பும் பலாக்கொட்டையும் ஆக்கிப் போட்டதை என் கண்ணால் பார்த்தேன். அதனால்தான், "நீங்க ஆக்கிப் போடுற வாயுதான் பால்ல இறங்கி என் பேத்தி வயித்துல நிக்குது" என்று சொன்னேன். பக்கத்து வீட்டு றம்லத்துக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னதை மறுக்கவில்லை. நீங்கள் அடுத்த பஸ்ஸிலேயே போய்விட்டீர்கள். அடுப்பில் சோறு பாதி வெந்திருந்தது. அதை நான்தான் வடித்தேன், குழைந்துவிட்டது.

நீங்கள் போனதும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். பருப்பு நிறுத்தம், பலா நிறுத்தம், முட்டைக்கோவா நிறுத்தம், மிளகாய் நிறுத்தம், கிழங்கு நிறுத்தம். சோறு, மிளகு ரசம், சுட்ட கருவாடு, இவ்வளவுதான். நான்காம் நாள் பார்த்தால் பாப்பா ஒன்றே முக்கால் மணித்தியாலம்தான் அழுதாள். பத்தியம் வேலை செய்கிறது என்று தினேஸிடம் சொன்னேன், றம்லத்திடம் சொன்னேன், தேங்காய் விற்க வந்தவரிடமும் சொன்னேன். றம்லத் மட்டும் சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டார், அது ஏன் என்று அப்போது விளங்கவில்லை. மறுநாள் இரண்டேகால் மணித்தியாலம்.

சரி, காரணம் வேறு எங்கேயோ இருக்கிறது என்று பாப்பா வெளிக்குப் போன துணிகளைப் பார்க்கத் தொடங்கினேன். நல்ல கடுகு மஞ்சள், நடுவில் சின்னச் சின்ன விதை மாதிரி, லேசான புளிப்பு வாசம். திங்கட்கிழமை பார்த்தால் இளம்பச்சை. கொழுந்து சரியாகப் புளிக்காவிட்டால்தான் பச்சை தட்டும், அப்போ இந்தப் புள்ளைக்கு வயித்துல புளிப்புப் பத்தலை என்று முடிவு கட்டி, மஞ்சள் ஒன்றும் பச்சை ஒன்றுமாகத் துணி இரண்டை டிபன் பெட்டியில் வைத்து மூடி, பஸ் ஏறி கிளினிக்குக்குப் போனேன். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் "நல்ல மணமா இருக்கு, என்ன மோர்க்கறியா?" என்று கேட்டார். நான் மூடியை இன்னும் அழுத்தி மூடினேன். கிளினிக்கில் வரிசை முழுக்கக் குழந்தையோடு தாய்மார், நடுவில் பெட்டியோடு நான். என் முறை வந்தது. "குழந்தை எங்க ஐயா?" என்று கேட்டார் மிட்வைப் மிஸ். "குழந்தை வீட்டுல மிஸ், சாம்பிள் மட்டும் கொண்டாந்தேன்" என்றேன். திறந்து பார்த்தார், உடனே மூடினார். பிறகு, பின்னேரம் வீட்டுக்கு வருவதாகச் சொன்னார்.

வந்தார். பாப்பாவை நிறுத்துப் பார்த்தார், நிறை நன்றாகக் கூடியிருக்கிறது. வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், மெத்தென்று இருக்கிறது. "பச்சை, மஞ்சள் ரெண்டும் சரிதான் ஐயா. பால் குடிக்கையில காத்தையும் சேத்து முழுங்குது, குடல் இப்பதான் வேலை பழகுது. பால் குடுத்ததும் நிமித்திப் பிடிச்சு முதுகைத் தட்டுங்க. இந்த அழுகை பொறந்து ஆறு கிழமை ஆகுற வரைக்கும் கூடும், மூணு நாலு மாசத்துல தானா அடங்கும். பச்சையா வாந்தி எடுத்தா, மலத்துல ரத்தம் வந்தா, காய்ச்சல் அடிச்சா, வயிறு கல்லு மாதிரி வீங்கினா, பால் குடிக்காம சோர்ந்து கிடந்தா உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும்" என்றார். நான் ஆயத்தமாகக் காய்ச்சி வைத்திருந்த ஓமத் தண்ணியைக் கண்டதும் எடுத்துப் போய் அந்தூரியப் பூச்சட்டியில் ஊற்றிவிட்டார். ஆறு மாசத்துக்குத் தாய்ப்பால் தவிர ஒரு சொட்டுத் தண்ணியும் ஆகாதாம். பிறகு நிஷாந்தினியிடம், "நீங்க என்ன சாப்பிடுறீங்க?" என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், "பருப்புக் கறி மிஸ்" என்றாள். என் பத்தியம் தொடங்கிய முதல் நாளிலிருந்தே றம்லத் வேலிக்கு மேலால் சோறும் பருப்பும் கொடுத்திருக்கிறார்! ஒன்றே முக்கால் மணித்தியாலத்துக்கும் அதே பருப்பு, இரண்டேகாலுக்கும் அதே பருப்பு. "கொடுத்தது நல்லதாப் போச்சு, பால் குடுக்கிற தாயை இப்படிப் பட்டினி போட்டா எப்படி ஐயா?" என்று மிஸ் என்னிடம் கேட்டார்.

ஆகவே காரணம் பருப்பு மட்டும் அல்ல என்பதை ஓரளவு ஏற்றுக்கொள்கிறேன். அதே சமயம், வீட்டுக்கு மூத்தவன் ஒரு வார்த்தை சொன்னால் பொறுத்துப் போவதும் ஒரு வழக்கம்தான் என்பதை நீங்களும் யோசிக்க வேண்டும். இன்னொன்று. ஏழு மணிக்குப் பாப்பா ஓய்ந்ததும் நிஷாந்தினி அழ ஆரம்பிக்கிறாள். அதற்கும் காரணம் தேடினேன், இன்னும் பிடிபடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு வசதிப்பட்டால் வரலாம், கட்டாயம் இல்லை. கதிரேசன் சாமி உங்களுக்கு நல்ல சுகத்தையும் நிதானத்தையும் தர வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
சம்பந்தி கறுப்பையா

பி.கு: கடிதத்தை நிஷாந்தினியிடம் வாசிக்கக் கொடுத்தேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். வாசித்துவிட்டு, "இதுல மன்னிப்பு எங்க மாமா?" என்று கேட்டாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலிலிருந்து தேடிப் பார்த்தேன். இல்லை. பிறகு அவளே, "எனக்கு எங்கம்மா வேணும்" என்றாள். இத்தனை நாள் அவள் ஏன் அழுதாள் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

சம்பந்தியம்மா, மேலே எழுதிய எதையும் கணக்கில் எடுக்க வேண்டாம். பிழை பருப்பில் இல்லை, பாலில் இல்லை, உங்களில் இல்லவே இல்லை. அந்தச் சின்ன உயிர் துடிப்பதைப் பார்க்கப் பயமாக இருந்தது. பழி போட ஒரு ஆள் தேவைப்பட்டது, பக்கத்தில் நீங்கள் இருந்தீர்கள். என்னை மன்னித்துக்கொள்ளுங்கள். நேரில் சொல்ல வாய் வராது என்று எனக்கே தெரியும், தபாலில் போட்டால் ஞாயிறுக்கு முன் வந்து சேராது. அதனால் நானே கொண்டு வந்து, இந்தக் கடைசி வரிகளை உங்கள் வாசல் தாழ்வாரத்தில் நின்று எழுதி, கதவுக்கு அடியால் தள்ளியிருக்கிறேன். வெளியில்தான் நிற்கிறேன். கலஹாவில் நல்ல மழை, குடையை பஸ்ஸில் விட்டுவிட்டேன். கதவைத் திறங்கள்.