பக்கத்து முட்டை

பெண் வீட்டு விருந்து நெருங்கிய வேளையில்தான், ஷிஃபானுடைய வலது கை ஒரு பிரச்சினை என்பது வீட்டுக்குத் தெரியவந்தது.

கண்டுபிடித்தவன் மூத்தவன் ஜிப்ரி. வெள்ளிக்கிழமைப் பகல் சாப்பாடு. நடுவில் ஒரே சவன். கல்யாண வீடுகளில் ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து உண்ணும் அந்தப் பெரிய தட்டை, மாத்தளையில் வாப்பா ஸெய்னுலாப்தீன் வீட்டில் மட்டும் வெள்ளிக்கிழமை தோறும் எடுப்பார்கள். பிள்ளைகள் பிரிந்துவிடக் கூடாது என்று உம்மா செய்த ஏற்பாடு. பிள்ளைகள் பிரியவில்லை. யாருடைய சோறு எங்கே முடிகிறது என்று தெரியாத அளவுக்கு ஒட்டிப்போனார்கள்.

"டேய், இப்ப என்ன செஞ்சே?" என்றான் ஜிப்ரி.

"சாப்பிடுறேன் நானா," என்றான் ஷிஃபான் அண்ணனிடம்.

"உனக்கு முன்னால ரெண்டு முட்டை எப்படி வந்திச்சு?"

ஷிஃபான் குனிந்து பார்த்தான். வலப்பக்கம் இருந்த தங்கை ஸில்மியாவின் முன்னால் முட்டை இல்லை. அவள் எப்போது தள்ளினாள், இவன் எப்போது எடுத்தான் என்பது இருவருக்குமே தெரியாது. சின்ன வயதிலிருந்து அப்படித்தான்.

"ஞாயித்துக்கிழமை விருந்துல உன் வலப்பக்கம் யாரு இருப்பா?"

"அப்துல் ஸமத் ஹாஜியார்," என்றார் வாப்பா, மெதுவாக.

பெண் பேசியிருந்த ஹாஜியாரின் மகள் ருஸ்னாவை ஷிஃபான் ஒரு கல்யாண வீட்டில் ஒரே ஒரு தடவை பார்த்திருந்தான். அந்த ஒரு பார்வைக்காக, வந்த சம்பந்தங்களையெல்லாம் தட்டிக் கழித்தவன். இப்போது தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

சனிக்கிழமை பயிற்சி. ஸில்மியாவின் இடத்தில் ஜிப்ரி அகப்பையோடு உட்கார்ந்தான். கை வலப்பக்கம் போகும்போதெல்லாம் ஓர் அடி. சாப்பாடு முடிவதற்குள் கை வலப்பக்கம் போவதை விட்டுவிட்டது. இடப்பக்கம் போகத் தொடங்கியது.

"முந்தி ஒரு பக்கம்தான் கெட்டிருந்திச்சு," என்றார் இடப்பக்கம் இருந்து முட்டையை இழந்த வாப்பா.

"சவனைப் பார்க்காதீங்க நானா. மேல பார்த்துச் சாப்பிடுங்க," என்றாள் ஸில்மியா.

மேலே பார்த்தான். கண்காணிப்பு இல்லாத கை, எதிரே இருந்த உம்மாவின் கோழிக்காலையே எடுத்துவந்தது.

உம்மா எழுந்துபோய்க் கல்யாண புரோக்கர் பஸ்லிக்குத் தொலைபேசி எடுத்தார். "தம்பி, மகனுக்கு முட்டை ஒத்துக்காது. சவன்ல முட்டை வேணாம்னு அவங்கக்கிட்ட சொல்லிடுங்க."

"அத என்கிட்ட விடுங்க," என்றார் பஸ்லி.

ஞாயிற்றுக்கிழமை உக்குவளையில் ஹாஜியார் வீட்டில், உம்மாவும் ஸில்மியாவும் திரைக்கு அப்பால் பெண்கள் பக்கம் போனார்கள். முன்னறையில் சவனைச் சுற்றி ஆறு ஆண்கள். ஷிஃபானின் வலப்பக்கம் ஹாஜியார். இடப்பக்கம் ஜிப்ரி, வாப்பா, பஸ்லி, கடைசியில் ஹாஜியாரின் மகன் நப்லான். வங்கியில் வேலை, இன்னும் கல்யாணமாகாதவன்.

மூடியைத் திறந்தார்கள். ஐந்து முட்டைகள்.

"மாப்பிள்ளைக்கு முட்டை ஒத்துக்காதுன்னு பஸ்லி சொன்னார். அதனால உங்க பக்கம் மட்டும் வைக்கல," என்றார் ஹாஜியார் பெருமையாக. "உடம்புதானே முக்கியம்."

ஷிஃபான் பிஸ்மி சொல்லிச் சாப்பிடத் தொடங்கினான். கையைப் பார்த்தான். கை சாதுவாக இருந்தது. அப்போது திரைக்குப் பின்னால், ருஸ்னாவுடையதாக இருக்கக்கூடிய ஒரு குரல் கேட்டது. ஒரு கணம் அவனுடைய கவனமெல்லாம் அங்கே போயிற்று. திரும்பி வந்தபோது வாயில் முட்டை இருந்தது. முழு முட்டை. ஹாஜியாரின் சோற்றில், அது இருந்த இடத்தில் ஒரு குழி.

"ஒத்துக்காதுன்னு சொன்னாங்களே..." என்றான் நப்லான்.

"ஒத்துக்காதுதான்," என்றார் வாப்பா. "ஆனா விருப்பம்."

ஜிப்ரி தொண்டையைச் செருமினான். "இது எங்க வீட்டு மரியாதைங்க, ஹாஜியார். பக்கத்துல இருக்கிறவங்களுக்குப் பாரமா இருக்கிறத நாங்க எடுத்துக்கிடுவோம்."

"முட்டையா பாரம்?"

நிரூபிப்பதற்காக ஜிப்ரி வாப்பாவின் முட்டையை எடுத்து விழுங்கினான். மகனைக் கைவிட முடியாமல் வாப்பா பஸ்லியின் முட்டையை எடுத்தார். தொழிலைக் காப்பாற்ற பஸ்லி நப்லானின் முட்டையை எடுத்தார். நப்லான் தன் பக்கத்தில் இருந்த ஹாஜியாரின் இடத்தைப் பார்த்தான். அங்கே எடுக்க ஒன்றும் இல்லை.

ஹாஜியார் நல்ல மனிதர். திரைப் பக்கம் திரும்பி, "முட்டை ஒத்துக்காதவருக்கு இன்னொரு முட்டை குடுங்க!" என்று குரல் கொடுத்தார்.

"ஐயோ, வேணாங்க மாமா. எனக்கு ஒத்துக்காது," என்றான் ஷிஃபான், வாய் நிறைய மென்றுகொண்டே.

முட்டை வந்தது. அவன் மறுத்துவிட்டதால் அதை ஹாஜியாரின் முன்னால் வைத்தார்கள். இந்த முறை அதைப் பார்க்கவே கூடாது என்று ஷிஃபான் மேலே பார்த்தான்.

ஹாஜியாரின் முன்னால் இரண்டாவது குழி விழுந்தது.

அதற்குப் பிறகு அவர் சோற்றைத் தன் பக்கமாக ஒதுக்கி, அதைச் சுற்றி இடது கையை அணை போல வைத்துக்கொண்டு சாப்பிட்டார். சற்று நேரத்தில் திரைக்குப் பின்னாலிருந்து பஸ்லியைக் கூப்பிட்டார்கள். அவர் கையைக் கழுவிவிட்டுப் போனார். உள்ளே வெகுநேரம் முணுமுணுப்புக் கேட்டது.

"எல்லாம் முடிஞ்சிச்சு நானா," என்றான் ஷிஃபான்.

"வாய மூடுடா. மஞ்சக்கரு தெரியுது."

திரை விலகியது. பஸ்லியின் முகம் பெருநாள் காலை போல இருந்தது.

"அல்ஹம்துலில்லாஹ்! ஹாஜியார் வீட்டம்மா பூரிச்சுப் போயிட்டாங்க. உங்க மகள் தன்னோட முட்டைய எடுத்து அவங்க பக்கம் வச்சாவாம். இப்படி ஒரு பிள்ளையத்தான் தேடிக்கிட்டு இருந்தாங்களாம்."

வாப்பா நிமிர்ந்தார். ஷிஃபானின் கண்கள் நிறைந்தன.

"அப்ப சம்பந்தம்?"

"சம்பந்தம் சரி," என்றார் பஸ்லி. "ஒரேயொரு சின்ன மாத்தம்தான்: பொண்ணு உங்க வீட்டுப் பிள்ள, மாப்பிள்ளை இவங்க வீட்டுப் பையன்."