ஆறு மணித் தலைவலி

"இன்னைக்கு வலி எந்தப் பக்கம்?"

"இடது பக்கங்க. காதுக்கு மேல."

"நேத்து வலதுன்னியே?"

"நேத்து வலதுல இருந்துச்சு. இன்னைக்கு இந்தப் பக்கம் வந்திருக்குது. நான் என்னங்க செய்யட்டும், புடிச்சுக் கட்டியா வெக்க முடியும்?"

சுப்புராயன் குறிப்பேட்டில் 'இடம் மாறும் இயல்பு' என்று எழுதி அடிக்கோடு போட்டார். அவர் மனைவி அம்புஜவல்லியின் தலைவலிக்கு அன்று நாற்பத்தோராவது நாள்.

வலி தொடங்கிய அன்று, பரணிலிருந்து ஊறுகாய் ஜாடியை இறக்க அவர்தான் ஸ்டூல் மேல் ஏறியிருந்தார். "மூடிய நான் வாங்கிக்கட்டுமா?" என்று கீழேயிருந்து கேட்டாள் அம்புஜவல்லி. அவர் வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தார். பதில் வரவில்லை, மூடிதான் வந்தது.

ரத்தம் இல்லை, மயக்கம் இல்லை. உச்சியில் நெல்லிக்காய் அளவு வீக்கம். ஸ்கேன் பார்த்த டாக்டர், "உள்ள ஒண்ணுமில்ல. லேசா அடிபட்டாக்கூட சிலருக்கு வலி மட்டும் மாசக்கணக்குல நிக்கும். ஏன்னு உறுதியாச் சொல்ல முடியாது" என்று வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

டாக்டர் சொன்னதில் முன்பாதி நிம்மதி தந்தது. பின்பாதி சுப்புராயனைச் சும்மா இருக்கவிடவில்லை. விருத்தாசலம் பீங்கான் பேட்டையில், பியூஸ் கட்டை சுடும் கம்பெனி ஒன்றில் அவர் பரிசோதனைக்கூடத்து ஆள். சூளையிலிருந்து விரிசலோடு வரும் கட்டைக்கு எதனால் விரிசல் என்று கண்டுபிடிப்பதுதான் இருபது வருஷ வேலை. 'காரணம் தெரியவில்லை' என்று எழுதி ஒரு கட்டையைக்கூட அவர் கழித்துப் போட்டதில்லை. இந்த விரிசலோ அவரே போட்டது.

ஆள் பேசாத ஆள். கம்பெனி விட்டு வந்தால் புத்தகம், சாப்பாடு, மறுபடி புத்தகம். அப்படிப்பட்டவர் தினமும் ஆறு மணிக்கு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மனைவி எதிரே உட்கார ஆரம்பித்தார்.

கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. விரிசல் விழுந்தால் கலவையில் ஒவ்வொரு பொருளாக நிறுத்திப் பார்ப்பார்கள். எதை நிறுத்தியதும் விரிசல் நிற்கிறதோ, அதுதான் குற்றவாளி. அதே முறையை வீட்டிலும் கையாண்டார்.

"காபிய மூணு நாளைக்கு நிறுத்து."

"காபிக்கும் ஜாடி மூடிக்கும் என்னங்க சம்மந்தம்?"

"அதக் கண்டுபுடிக்கத்தான நிறுத்தறது."

காபி நின்றது. தனியாகக் குடிப்பது நியாயமில்லை என்று அவரும் நிறுத்தினார். இரண்டாம் நாள் அவளுக்கு மண்டை பிளந்தது. அவருக்கும் பிளந்தது. மூன்றாம் நாள் குறிப்பேட்டில் இரண்டு நோயாளிகள்.

"காபி இல்லன்னு தெரிஞ்சுபோச்சுல்ல? அடுத்தத நிறுத்துங்க" என்று அவளே டபரா நிறையக் கலந்து நீட்டினாள்.

அடுத்தது டிவி. ஒயரைக் கழற்றிக் கம்பெனிக்கே எடுத்துப் போய்விட்டார். அவள் பக்கத்து வீட்டில் போய் சீரியல் பார்த்தாள். ஆறு மணிக்கு வலியோடு கதையும் சேர்ந்து வந்தது.

"மூத்த மருமக கோர்ட்டுல அழுதா பாருங்க, அப்பத்தான் இங்க சுரீர்னுச்சு."

"ஏன் அழுதா?"

"அத மொதல்லேருந்து சொன்னாத்தான் ஒங்களுக்குப் புரியும்."

மொதல்லேருந்து சொல்லி முடிக்க ஏழரை ஆயிற்று. சுப்புராயன் ஒரு வரி விடாமல் எழுதிக்கொண்டார். எதில் காரணம் ஒளிந்திருக்கும் என்று யார் கண்டது?

பிறகு மல்லிகைப்பூ. வாசனையால் இருக்கலாம் என்று நிறுத்தினார். பூ இல்லாத தலையோடு அம்புஜவல்லி கடைக்குப் போனதைப் பார்த்த யாரோ திட்டக்குடிக்குப் போன் போட்டுவிட்டார்கள். அவள் தங்கை ஆண்டாள் அடுத்த பஸ்ஸில் அழுதுகொண்டே வந்து இறங்கினாள். கதவைத் திறந்த சுப்புராயனைப் பார்த்ததும் அழுகை பாதியில் நின்றது.

"மாமா! உசுரோடவா இருக்கீங்க?"

"இருக்கேனே."

"அப்ப அக்கா ஏன் பூ வெக்கல?"

"அது பரிசோதனை."

ஆண்டாள் ஐந்து நாள் தங்கினாள். ஆறு மணியானால் அக்காவுக்கும் மாமாவுக்கும் நடுவில் உட்கார்ந்து எல்லாக் கேள்விக்கும் அவளே பதில் சொன்னாள். "அக்காவுக்கு சின்ன வயசுலேருந்தே மண்டை கொஞ்சம் லேசு மாமா, எழுதிக்கோங்க." ஆறாம் நாள் அம்புஜவல்லியே அவள் பையைக் கொண்டுவந்து வாசலில் வைத்தாள். "ஒன் வூட்ல மாடு தேடும். கெளம்புடி."

சுப்புராயன் எழுதினார்: 'தங்கை நிறுத்தப்பட்டாள். வலி குறையவில்லை. முகத்தில் தெளிவு.'

"பூவ நிறுத்திப் பாத்தாச்சு. இப்ப திரும்பச் சேத்துப் பாக்கணுமில்ல?" என்றாள் அம்புஜவல்லி. "நீங்களே வாங்கியாங்க. வாங்கற ஆளு மாறுனா வலி மாறுதான்னும் தெரியணும்."

முறைப்படி அது சரிதான். சுப்புராயன் கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாகப் பூ வாங்கினார். தெரிந்தவர்கள் பார்த்துவிடாமல் சாப்பாட்டுப் பையில் ஒளித்துக்கொண்டு வந்தார்.

நாற்பத்திரண்டாம் நாள் வேறு ஒரு குளறுபடி. அவசரத்தில் கம்பெனி நோட்டு வீட்டிலும், வீட்டு நோட்டு மேனேஜர் ராஜமாணிக்கத்தின் மேசையிலும் போய்ச் சேர்ந்தன.

"சுப்புராயன், இங்க வாங்க. 'காலையில் இடதுபுறம். மதியம் கோபம். பூ வைத்ததும் சிரிப்பு.' என்னய்யா இது? நம்ம பியூஸ் கட்டையா சிரிக்குது?"

"சார், அது வந்து... வூட்ல..."

"'மூத்த மருமகள் கோர்ட்டில் அழுகை.' இந்த ரிப்போர்ட்டோட சரக்கு அனுப்புனா வாங்கறவன் அழுவான்யா. ரெண்டு நாள் லீவு எடுத்துக்கிட்டுப் போங்க. மொதல்ல ஒங்க தலையப் பாருங்க."

வீட்டுக்குப் போக மனமில்லாமல் சுப்புராயன் பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரௌசிங் சென்டரில் போய் உட்கார்ந்தார். லேசான தலைக்காயத்துக்குப் பின்னும் நிற்காத தலைவலி பற்றி, ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டாத குறையாகப் பக்கம் பக்கமாகப் படித்தார். தூக்கக் குறைவு என்றது ஒன்று, கவலை என்றது இன்னொன்று, கழுத்துப் பிடிப்பு என்றது வேறொன்று. கடைசியாக ஒரு வரி அவரை நிறுத்தியது. வலி மாத்திரையை நாள் தவறாமல் போட்டுக்கொண்டிருந்தால், அந்த மாத்திரையே தலைவலியை நிற்க விடாமல் செய்யும்.

சுப்புராயன் அந்த வரியை இன்னொரு தடவை படித்தார். காபி, டிவி, பூ, தங்கை என்று எல்லாவற்றையும் நிறுத்திப் பார்த்தவர், மாத்திரையை மட்டும் நிறுத்தவில்லை. வாரம் இரண்டு அட்டை அவரேதான் வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தார். 'மறக்காமப் போட்டுக்க' என்று வேறு சொன்னார். முதலில் மூடி, பிறகு மாத்திரை. ஒரே தலையில் இரண்டு தடவை போட்டிருக்கிறார்.

எதிர்ச்சாரியில்தான் அவர் வழக்கமாக மாத்திரை வாங்கும் தங்கதுரையின் மெடிக்கல் ஷாப். சைக்கிள்காரன் ஒருவன் திட்டத் திட்ட ரோட்டைக் குறுக்கே கடந்து ஓடினார்.

"தங்கதுரை, இந்த நாப்பது நாள்ல எங்கிட்ட எத்தன அட்டை குடுத்திருப்ப? உண்மையச் சொல்லு. அத்தனையும் அவ உள்ள போயிருக்குதுப்பா. அவளுக்கு ஒண்ணும் ஆயிடாதே?"

தங்கதுரை அவர் முகத்தைப் பார்த்தான். மற்ற வாடிக்கையாளர் போகும்வரை காத்திருந்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"நீங்க வாங்கிட்டுப் போற அட்டையெல்லாம் மறுநாளே பிரிக்காம இங்க வந்துடுது சார், தலைவலி நின்னு ஒரு மாசமாச்சாம், அதச் சொன்னா நீங்க மறுபடியும் பேசறத நிறுத்திடுவீங்கன்னு சொல்லாம, மாத்திரைக்கு பதிலா பவுடரும் சாந்துப் பொட்டும் வாங்கிட்டுப் போறாங்க ஒங்க வூட்டம்மா."