பின்னால் ஓர் ஆட்டோமேட்டிக்

விஞ்ஞானம் படிப்பிக்கிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. கரும்பலகையில் படம் வரைந்து காட்டக்கூடிய எந்தப் பொருளும் தங்களுக்குத் தெரியும் என்று நம்பிவிடுவார்கள். எனக்கு அந்த வியாதி நன்றாக முற்றியிருந்த காலத்தில்தான் எங்கள் வண்டியின் பின்சில்லுகளுக்கு நடுவில் இருக்கிற டிஃபுக்கு, அதாவது டிஃபரென்ஷியலுக்கு, லொக்கர் என்ற ஒரு பூட்டைத் தெரிவு செய்தேன். 'தெரிவு செய்தோம்' என்று எழுதத்தான் ஆசை. ஆனால் இதை என் வீட்டுக்காரர் படிப்பார்.

அப்போது நான் தெஹியோவிட்டவுக்கு மேலே ஒரு றப்பர் தோட்டத்துப் பாடசாலையில் ஆசிரியை. பாடசாலைக்குப் பக்கத்திலேயே எங்கள் குவார்ட்டர்ஸ். கீழே பஜாரில் வீட்டுக்காரருக்கு ஹார்ட்வெயார் கடை. கடைக்கென்று ஒரு பழைய டபள் கெப் பிக்கப் இருந்தது. பகலில் சீமெந்தும் தகரமும் ஏற்றிக்கொண்டு தோட்டத்து ரோட்டில் ஏறும். பின்னேரம் அதே வண்டி எங்கள் மகள் தர்ஷினியை ஏற்றிக்கொண்டு தார் ரோட்டில் அவிசாவளைக்கு டியூஷனுக்குப் போகும். அவருக்குக் கண்ணில் சத்திரசிகிச்சை செய்த பிறகு வண்டி ஓட்டுகிற வேலை என்னிடம் வந்தது. நாற்பத்திரண்டு வயதில் லைசன்ஸ் எடுத்தேன். முதல் தடவையிலேயே பாஸ். (இதை நான் எங்கே சொன்னாலும் அவர், "அன்னைக்கு டெஸ்ட் வச்ச ஐயாவுக்கு வீட்டுக்குப் போற அவசரம்" என்பார். நம்ப வேண்டாம்.)

குவார்ட்டர்ஸிலிருந்து மெயின் ரோட்டுக்கு நாலு கிலோமீற்றர். நடுவில் கோயில் வளைவு என்று ஓர் இடம், முழுக்கக் களிமண். மழை பெய்தால் அது ரோடு இல்லை, நனைந்த சவர்க்காரக் கட்டி. தர்ஷினிக்கு உயர்தரப் பரீட்சைக்கு முந்திய மாதிரிப் பரீட்சை நடந்த நாளில் அங்கேதான் மாட்டிக்கொண்டோம். சேற்றில் கிடந்த பின்சில்லு சும்மா சுழன்றுகொண்டே இருந்தது. நல்ல தரையில் நின்ற சில்லு அசையவே இல்லை. றப்பர்ப் பால் வெட்டப் போன ஆட்கள் வந்து தள்ளி விடுவதற்குள் பேப்பரில் பாதி முடிந்துவிட்டது.

அவள் அழவில்லை. "பரவாயில்லம்மா, இது ட்ரையல்தானே" என்றாள். அந்த 'தானே' எனக்கு மூன்று நாள் காதில் நின்றது. எங்கள் தோட்டத்திலிருந்து கணிதப் பிரிவில் உயர்தரம் எழுதப்போகிற முதல் பிள்ளை அவள். உண்மையான பரீட்சை ஆகஸ்டில். எங்கள் பக்கத்து மழை பரீட்சை அட்டவணை பார்த்துப் பெய்வதில்லை.

ஆகவே ஆராய்ச்சியில் இறங்கினேன். வண்டி திரும்பும்போது வெளிப்பக்கத்துச் சில்லு கூடத் தூரம் ஓட வேண்டும், உள்பக்கத்துச் சில்லு குறையத் தூரம். இரண்டுக்கும் அந்தச் சுதந்திரத்தைக் கொடுப்பதுதான் டிஃப். நல்ல மனசு, ஆனால் ஏமாளி. ஒரு சில்லு சேற்றில் சும்மா சுழன்றால், என்ஜினின் பலம் எல்லாவற்றையும் கொண்டுபோய் அதன் கையிலேயே கொடுத்துவிடும். வேலை செய்கிறவனுக்கு ஒன்றும் கிடைக்காது. (எங்கள் பாடசாலையிலும் அப்படி ஒரு நிருவாகம் இருந்தது. விடுவோம்.) லொக்கர் போட்டால் இரண்டு சில்லும் பூட்டப்பட்டு, சேர்ந்தே சுழலும். ஒன்று வழுக்கினாலும் மற்றது இழுத்துக்கொண்டு போய்விடும்.

அவிசாவளையில் எங்கள் மெக்கானிக் குணே பாஸ். அவர் மூன்று வழி சொன்னார். முதலாவது லிமிட்டட் ஸ்லிப்: முழுக்கப் பூட்டாது, ஓரளவு பிடிக்கும், சத்தமில்லை. இரண்டாவது, சுவிட்சைத் தட்டினால் பூட்டுவது: நல்ல சாமான், ஆனால் அதற்குக் காற்றடிக்கிற பம்ப் வேண்டும், பழுதானால் இங்கே பார்க்க ஆளில்லை. மூன்றாவது ஆட்டோமேட்டிக்: எப்போதும் பூட்டியே இருக்கும், திரும்பும்போது மட்டும் தானாக விட்டுக்கொடுத்து, பிறகு தானாகப் பூட்டிக்கொள்ளும்.

நான் ஓர் அப்பியாசக் கொப்பியில் அட்டவணை போட்டேன். உறுதி, எளிமை, சேற்றில் திறமை, பராமரிப்பு என்று நிரல்கள். பரீட்சைப் பெறுபேறு மாதிரிப் புள்ளி போட்டதில் ஆட்டோமேட்டிக் விசேட சித்தி. லிமிட்டட் ஸ்லிப் ஏதோ தப்பித்த சாதாரண சித்தி. கொப்பியைக் கொண்டுபோய் குணே பாஸிடம் காட்டினேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு மரியாதையாகப் பார்த்தார். தோட்டத்து ஆட்களோடு பழகிப் பழகி அவருக்கு ஓரளவு தமிழ் வரும்.

"டீச்சர், இந்த வண்டி தார் ரோட்டுலதானே கூட ஓடுது? லிமிட்டட் ஸ்லிப் போதும்."

"போதும்ங்கிறது வேற பாஸ், நல்லதுங்கிறது வேற."

"ஆட்டோமேட்டிக் நல்லதுதான். ஆனா அது திரும்புறப்போ கொஞ்சம் கத்தும்."

"கத்தினா கத்தட்டும். நாப்பது பிள்ளைங்க கத்துற வகுப்புல நிக்கிறவ நான்."

குணே பாஸ் கொப்பியைத் திருப்பித் தந்தார். கொழும்பு பஞ்சிகாவத்தை வாகனச் சாமான் கடைகளில் சொல்லி சாமானை எடுப்பித்து, பரீட்சைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது பூட்டிக் கொடுத்தார்.

சேற்றில் அது செய்த வேலையைப் பற்றி நான் இன்றைக்கும் ஒரு வார்த்தை குறைத்துச் சொல்ல மாட்டேன். முதல் மழையிலேயே கோயில் வளைவில் படியேறுகிற மாதிரி ஏறியது. மேலே போய் வண்டியை நிறுத்தி, வீட்டுக்காரரை இறங்கச் சொல்லி, வந்த பாதையைத் திரும்பிப் பார்க்க வைத்தேன்.

அன்று பத்து மணிக்கு பஜாரில் கடைக்கு முன்னால் வண்டியைத் திருப்பினேன். 'டமார்' என்று ஒரு சத்தம். பயந்துபோய் எக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன். இன்னொரு 'டமார்'. வீட்டுக்காரர் கடைக்குள் ஓடிப்போய்ப் பரணில் தகரம் எல்லாம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தார். எதிர்க்கடை சாப்பாட்டு ஹோட்டலில் இரண்டு பேர் மேசைக்குக் கீழே இருந்தார்கள்.

"டீச்சர்," என்றார் வீட்டுக்காரர். (கோபம் வந்தால் என்னை அப்படித்தான் கூப்பிடுவார்.) "இனிமே கடைக்கு முன்னால வண்டிய திருப்பாத. சனம் ஓடுது."

"அது சத்தம் இல்லைங்க. லொக்கருக்குள்ள பல் விட்டுட்டுத் திரும்பப் பிடிக்குது."

"அப்ப அந்தப் பல்லக் கொண்டுபோய் யாருக்காவது காட்டு."

யுத்தம் இன்னும் முடியாத காலம் அது. 'டமார்' என்று ஒரு சத்தம் கேட்டால் நாட்டில் எல்லாரும் ஒரே அர்த்தம்தான் எடுப்பார்கள். என்னுடைய அட்டவணையில் எத்தனையோ நிரல்கள் இருந்தன. அதற்கு மட்டும் நிரல் போடவில்லை.

பரீட்சையின் முதல் நாள், நினைத்தபடியே அடைமழை. எட்டரைக்குப் பேப்பர். ஆறேகாலுக்கே புறப்பட்டோம். முன்னால் என் பக்கத்தில் தர்ஷினி, பின்னால் தேத்தண்ணி பிளாஸ்க்கோடு வீட்டுக்காரர். கோயில் வளைவில் ஒரு லொறி சரிந்து கிடந்தது. நாங்கள் அதன் ஓரத்தில் சேற்றைப் பிளந்துகொண்டு போனோம். "பாத்தியா?" என்றேன். மெயின் ரோட்டில் ஏறும்வரைக்கும் எத்தனை தடவை "பாத்தியா" சொன்னேன் என்று மகள் கணக்கு வைத்திருக்கிறாள்.

அவிசாவளைக்கு முன்னால், போன கிழமை வரை இல்லாத ஒரு சோதனைச் சாவடி. பீப்பாய்களை இடமும் வலமுமாக மாற்றி மாற்றி வைத்திருந்தார்கள். வண்டி பாம்பு மாதிரி வளைந்து வளைந்துதான் போக வேண்டும். முதல் பீப்பாயைக் கடந்து இடது பக்கம் ஒடித்தேன்.

டமார்.

காலை எடுத்தேன்.

டமார்.

கண்ணைத் திறந்தபோது ரோட்டில் ஒரு சிப்பாயும் இல்லை. எல்லாரும் மணல்மூட்டைகளுக்குப் பின்னால். மூட்டைகளுக்கு மேலே இரும்புக் குழாய்கள் மட்டும் எங்களைப் பார்த்து நீட்டிக்கொண்டு இருந்தன. இறங்கு, கையைத் தூக்கு என்று ஒரு குரல். இறங்கினோம், தூக்கினோம். வீட்டுக்காரர் பிளாஸ்க்கோடு தூக்கினார். தர்ஷினி, பிளாஸ்டிக் உறையில் போட்ட பரீட்சை அனுமதி அட்டையோடு தூக்கினாள். மழை பெய்துகொண்டே இருந்தது.

வயதான ஒரு சார்ஜன் எழுந்து வந்து, என்ன சத்தம் என்று சிங்களத்தில் கேட்டார். எனக்குச் சிங்களம் சின்ன வயதிலிருந்தே தண்ணீர்பட்ட பாடு. தெளிவாக, மரியாதையாக, ஒரு விஞ்ஞான ஆசிரியையின் நிதானத்தோடு சொன்னேன்:

"சேர், பயப்பட ஒன்னும் இல்ல. பின்னால ஆட்டோமேட்டிக் ஒன்னு இருக்கு. அவ்வளவுதான்."

மணல்மூட்டைகளுக்குப் பின்னால் 'கிளிக், கிளிக்' என்று கேட்டது.

"பின்னால எங்க?" என்றார் சார்ஜன், மிக மெதுவாக.

"கீழ, சேர். வெளியில பாத்தா தெரியாது. லொக் பண்ணித்தான் இருக்கு."

"யார் குடுத்தது?"

"கொழும்புல இருந்து எடுப்பிச்சோம்."

(கேட்ட கேள்விக்குச் சரியான விடை எழுது என்றுதான் இருபது வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஒரு விடைகூடப் பிழையில்லை.)

சார்ஜன் மூன்றடி பின்னால் போனார். ஒருவர் வயர்லெஸ்ஸில் பேச ஆரம்பித்தார். மேலதிகாரிகள் வரும்வரை நாங்கள் அப்படியே நிற்க வேண்டும் என்பது மட்டும் விளங்கியது. தூக்கிய கையில் மணிக்கூடு. அண்ணாந்து பார்த்தேன்: ஏழு முப்பத்தைந்து.

"அம்மா, வாய மூடுங்க," என்றாள் தர்ஷினி.

வாழ்நாளில் அவள் என்னிடம் அப்படிச் சொன்னது அதுதான் முதல். மூடினேன்.

அவள் சார்ஜனிடம் சிங்களத்தில் பேசினாள். அம்மா சொன்னது துப்பாக்கி இல்லை, டிஃபுக்குள் பூட்டுகிற ஒரு சாமான் என்றாள். அவர் முகம் மாறவில்லை. அப்போது அவள், தூக்கிய கைகளைத் தோளுக்குக் கீழே இறக்காமலேயே, அட்டையைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு முஷ்டிகளையும் சில்லுகளாக்கிச் சுழற்றிக் காட்டினாள். பிறகு அட்டையை எடுத்துவிட்டு விளக்கினாள். இது வெளிச்சில்லு, வேகமாக ஓடும். இது உட்சில்லு, மெதுவாக ஓடும். இரண்டும் ஒரே வேகத்துக்கு வரும்போது நடுவில் பல் விழுந்து பூட்டும், அதுதான் சத்தம். நான் கரும்பலகை, சோக்கட்டி, அட்டவணை எல்லாம் வைத்துக்கொண்டு வகுப்பில் சொல்லியிருக்கக்கூடியதைவிட நன்றாகச் சொன்னாள். மணல்மூட்டைக்குப் பின்னாலிருந்து தலைகள் ஒவ்வொன்றாக எழும்பின. அவர்களும் பிள்ளைகள்தான், அவளைவிட நாலைந்து வயது கூட இருக்கும். எங்களைவிட அவர்கள்தான் கூடப் பயந்திருந்தார்கள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

வண்டிக்குக் கீழே கண்ணாடி நீட்டிப் பார்த்தார்கள். பிறகு சார்ஜன், அப்படியென்றால் அந்தச் சத்தத்தைக் காட்டு என்றார்.

தனியாக ஏறி, பீப்பாயைச் சுற்றி ஓட்டினேன். சத்தம் வரவில்லை. இன்னொரு சுற்று. வரவில்லை. இரண்டு வாரமாக எந்தச் சத்தம் வரக்கூடாது என்று முருகனிடம் மன்றாடினேனோ, அது வரவேண்டும் என்று அதே முருகனிடம் மன்றாடினேன். பயத்தில் நான் வண்டியை முட்டைக் கூடை மாதிரி உருட்டிக்கொண்டிருந்தேன். லொக்கரும் பூனைக்குட்டி மாதிரி வந்தது. மூன்றாவது சுற்று முடிந்தபோது சார்ஜனின் கை மறுபடி துப்பாக்கிக்குப் போயிருந்தது.

"அம்மா, வளைவுல நல்லா மிதிங்க," என்று தர்ஷினி கத்தினாள். "மிதிச்சிட்டு டக்குன்னு விடுங்க. வீட்டுல ஓட்டுற மாதிரி ஓட்டுங்க."

மிதித்தேன். விட்டேன்.

டமார்.

ஒரு சிப்பாய் குந்திவிட்டு, பிறகு எழும்பிச் சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். சார்ஜன் சிரிக்கவில்லை. அனுமதி அட்டையை வாங்கிப் பார்த்தார், தன் மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு சிப்பாய்களைக் கூப்பிட்டு, மிச்சப் பீப்பாய்களையெல்லாம் ஓரத்துக்கு உருட்டச் சொன்னார்.

"நேரா போங்க," என்றார். "எங்கயும் திருப்ப வேணாம்."

பரீட்சை மண்டப வாசலுக்கு எட்டு இருபதுக்குப் போய்ச் சேர்ந்தோம். தர்ஷினி நனைந்த தலையோடு இறங்கி, திரும்பிப் பார்க்காமல் உள்ளே ஓடினாள். வீட்டுக்காரர் பிளாஸ்க்கைத் திறந்து தேத்தண்ணி ஊற்றினார். கோப்பையை என்னால் பிடிக்க முடியவில்லை. அவரே பிடித்துப் பருக்கினார். சிரிப்பாகத்தான் எழுதிக்கொண்டு வந்தேன். ஆனால் அந்த அட்டையைப் பிடித்தபடி மழையில் உயர்ந்திருந்த அந்தக் கையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு ஒரு நிமிடம் நின்றுதான் ஓடுகிறது.

பேப்பர் முடியும்வரை காத்திருக்காமல், வளைவு குறைந்த பாதையாகப் பார்த்து குணே பாஸிடம் போனோம்.

"பாஸ், லிமிட்டட் ஸ்லிப்," என்றேன்.

"கத்திச்சா?" என்றார்.

"கத்திச்சு."

அவர் ஸ்பானரை எடுத்தார். அன்றைக்கு மூவரும் பஸ்ஸில் வீடு திரும்பினோம். மிச்சப் பேப்பர்களுக்கெல்லாம் அந்தச் சாதாரண சித்திக்காரன்தான் எங்களைக் கோயில் வளைவில் ஏற்றி இறக்கினான், கொஞ்சம் வழுக்கி, கொஞ்சம் முனகி. தர்ஷினி பொறியியல் படிக்கப் போனாள். லொக்கர் என் வகுப்புக்குக் கற்பித்தல் சாதனமாக வந்தது. அதைப் பற்றி நான் இப்போதும் நன்றாகத்தான் படிப்பிப்பேன்.

ஆனால் வீட்டில் ஒரு சட்டம் வந்துவிட்டது. எதைப் பற்றியாவது நான், "பயப்பட ஒன்னும் இல்ல" என்று ஆரம்பித்தால் அப்பாவும் மகளும் இரண்டு கையையும் மெதுவாகத் தூக்குவார்கள்.

அண்மையில் மூவருமாக இரத்தினபுரியில் ஒரு கடைக்கு வாஷிங் மெஷின் வாங்கப் போனோம். நான் வழக்கம்போல் கொப்பியில் அட்டவணையோடு போயிருந்தேன். கடைக்காரத் தம்பி பணிவாகக் கேட்டார்:

"மேடத்துக்கு ஆட்டோமேட்டிக் வேணுமா, செமி ஆட்டோமேட்டிக் வேணுமா?"

பின்னால் நின்ற இருவரையும் நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையில்லை. கடைக்காரத் தம்பியின் கண்கள் என் தோளுக்கு மேலால் போய், அங்கேயே விரிந்து நின்றுவிட்டன.

"ரெண்டும் வேணாம் தம்பி," என்றேன். "சத்தம் போடாதது எது?"