பிரிட்ஜுக்குள் மருந்து

நோட்டன் பிரிட்ஜ்,
புதன்கிழமை.

ராகலையில் கடையே கண்ணாக இருக்கும் மதிப்புக்குரிய மச்சான் கோகுலராஜ் அவர்களுக்கு, சுந்தரலிங்கம் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் உங்கள் தங்கையும் சுகம். அவள் என்னோடு பேசுவதில்லை, மற்றபடி சுகம்.

போன் டவர் படுத்துவிட்டதால் இதை பஸ் டிரைவர் கையில் அனுப்புகிறேன். வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தத்துக்குப் புறப்பட வேண்டாம். நேற்றே எல்லாம் முறிந்துவிட்டது. ஊரார் சொல்லும்முன் நானே சொல்லிவிடுகிறேன்.

நேற்றுக் காலை காற்றில் மரம் விழுந்து தேயிலைத் தோட்டம் முழுக்கக் கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் இருப்பது நம் வீட்டில் மட்டும். மிட்வைஃப் பிரேமினி மிஸி தடுப்பூசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். "அங்கிள், முப்பத்திரண்டு புள்ளைங்களுக்குப் போடுற ஊசிங்க. சூடும் ஆகக் கூடாது, உறையவும் கூடாது. ரெண்டுலருந்து எட்டு டிகிரிக்குள்ள நிக்கணும்" என்றார். நம் பிரிட்ஜிலிருந்த பாலையும் பட்டரையும் வெளியே எடுத்துப்போட்டு, ஊசிகளை நடுத்தட்டில் அடுக்கி, தெர்மாமீட்டரும் வைத்தார். "நாலு மணிக்கு இத எடுத்துட்டுப் போக வண்டி வரும். அதுவரைக்கும் கதவத் தொறக்கவே கூடாதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நமது மகள் கேஷிகாவைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் மூன்று மணிக்கு வந்தார்கள். மாப்பிள்ளை கஜேந்திரன் தங்கமான பையன். அவருடைய அம்மா அம்மாக்கண்ணு ஒரு தயிர்ச்சட்டியோடு வந்து, உரிமையாக நேரே பிரிட்ஜுக்கு நடந்தார். நான் பாய்ந்துபோய்க் கையை விரித்து நின்று, "தொடாதீங்க! உள்ள மருந்து இருக்கு!" என்று கத்திவிட்டேன் மச்சான். என் முழங்கை பட்டுச் சட்டி கவிழ்ந்து, தயிர் முழுவதும் அவருடைய பட்டுச்சேலையில்.

அந்த அம்மா தயிரைப் பற்றிக் கேட்கவே இல்லை. "மருந்தா? எம்புள்ளைய மயக்கவா வச்சிருக்கீங்க?" என்றார். "ஐயோ, இல்லைங்க, இது ஊசி மருந்து" என்றேன். "ஊசியிலயும் ஏத்துவீங்களா?" என்று மகனை இழுத்துக்கொண்டு வேனில் ஏறிவிட்டார்.

நாலு மணிக்கு மிஸி வந்து தெர்மாமீட்டரைப் பார்த்தார். "அஞ்சு டிகிரி அங்கிள்! ஒண்ணுகூட வீணாகல!" என்று கைதட்டினார். முப்பத்திரண்டு பிள்ளைகள் தப்பித்தார்கள், என் பிள்ளை கல்யாணம் போயிற்று என்று நான் அழுதேன். கேஷிகாதான் சிரித்தாள். "விடுங்கப்பா, அவங்களுக்கு வெவரம் தெரிஞ்சா வருவாங்க" என்றாள்.

அத்தைக்கு என் நமஸ்காரம். பிள்ளைகளுக்குச் சகல சௌபாக்கியமும் முருகன் அருளட்டும்.

இப்படிக்கு,
மனமுடைந்த
சுந்தரலிங்கம்

பின்குறிப்பு: மச்சான், கட்டாயம் வாருங்கள்! கஜேந்திரன் இப்போதுதான் மோட்டார் சைக்கிளில் வந்தார். அவர் அக்கா பிள்ளைக்கும் இன்று காலை அந்த ஊசிதானாம். மிஸி விவரம் சொல்ல, அம்மாக்கண்ணு, "மருந்துக்கே இப்புடிக் காவல் நிக்கிறவரு, பொண்ண எப்புடி வளத்திருப்பாரு!" என்று சம்மதித்துவிட்டாராம். இன்னொன்று. நேற்றுக் காலை மிஸி போகும்போதே பிரிட்ஜைப் பூட்டிச் சாவியைக் கையோடு கொண்டுபோயிருக்கிறார். நான் காவல் நின்றதே வீண் என்று எனக்கே இப்போதுதான் தெரியும். தயவுசெய்து சம்பந்தியம்மாவிடம் மூச்சு விட்டுவிடாதீர்கள்.