பாலைவனத்துக்கு ஒரு டிரங்குப் பெட்டி

ஏறி உட்கார்ந்தும் டிரங்குப் பெட்டி மூடவில்லை. அங்கப்பன் இறங்கி, பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் ஏறினான்.

மறுநாள் சாயந்திரம் ரயில். கோயமுத்தூரில் ஒரு பம்பு கம்பெனியில் அவன் விற்பனையாளன். ஜெய்சல்மீர்ப் பாலைவனத்தில் கூடாரமடித்துத் தங்கி, புதுப் பம்பை ஓட்டிக் காட்டி ஆர்டர் பிடிக்க வேண்டும். பிடித்தால் சேல்ஸ் மேனேஜர். பிடிக்காவிட்டால் தன் முகத்தில் விழிக்க வேண்டாம் என்று முதலாளி சொல்லியிருந்தார். பம்பை ஓட்டும் எஞ்சின் முன்பே ரயிலேறிவிட்டது. பம்பு மட்டும் சாக்கு சுற்றிப் பெட்டியின் அடியில் இருந்தது.

முதலில் மல் வேட்டியும் விசிறியும்தான் வைத்தான்.

"ஏனுங்க, மார்கழியில அங்க ராத்திரி பல்லுக் கிட்டிக்குமாமுங்க. கம்பளி எடுத்துக்குங்க" என்றாள் மனைவி சாந்தாமணி.

"பாலைவனத்துல குளிரா? போ அம்மணி."

ஆபீசில் முதலாளியும் அதையே சொன்னார். அங்கப்பன் வீடு திரும்பி, தானே கண்டுபிடித்தவன் மாதிரி மனைவிக்கு விளக்கினான். கம்பளிக் கோட்டு, குரங்குக் குல்லாய், இரண்டு ஜமக்காளம் உள்ளே போயின. பெட்டி பிதுங்கியது.

இடம் பண்ணக் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டான். அரை மணியில் கோட்டு வியர்வையில் ஊறி, கொடிக்குப் போனது. ஊறுகாய் ஜாடியை ஜமக்காளத்தில் சுருட்டினான். எண்ணெய் வேட்டிகளுக்கு இறங்கியது. வேறு வேட்டிகள் வந்தன.

வழியனுப்ப அன்னூரிலிருந்து வண்டி கட்டி வந்திருந்த மாமனார் பொங்கியண்ணன் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கிணற்றுப் பம்பு ஐப்பசியிலேயே படுத்துவிட்டது. மாப்பிள்ளையிடம் ஒரு பம்பு கேட்டிருந்தார்.

"கம்பெனி பொருள மாமனார் ஊட்டுக்குக் குடுத்தா ஊரு என்னங்க பேசும்?" என்று அங்கப்பன் நியாயம் பேசி அப்போதே அனுப்பியிருந்தான்.

இப்போது அவர் எழுந்து வந்தார். "தள்ளுங்க மாப்பிள்ளை. நீங்க போய்த் தண்ணி வாத்துக்குங்க. நான் அடுக்கிப்போடறேன்."

குளித்துவிட்டு வந்தால் பெட்டி கச்சிதமாக மூடிப் பூட்டியிருந்தது. மாமனார் சாப்பிடக்கூட நிற்காமல் கிளம்பிவிட்டார்.

"கரும்பு காயுதாமுங்க" என்றாள் சாந்தாமணி.

"படிக்காட்டியும் கெட்டிக்கார மனுசன்" என்றான் அங்கப்பன், பெரிய மனது பண்ணி.

மறுநாள் ஸ்டேஷனில் போர்ட்டர் பெட்டியை ஒற்றைக் கையால் தூக்கி உள்ளே வைத்தான். அங்கப்பன் அவசரமாகப் பின்னாலேயே ஏறினான். ரயிலில் உட்கார்ந்து திறந்தான். கோட்டு இருந்தது, குல்லாய் இருந்தது, ஊறுகாய்கூட இருந்தது. பம்பு இல்லை.

விசில் ஊதிவிட்டது. முழங்கால்வரை சேறோடு பொங்கியண்ணன் ஜன்னலருகே ஓடி வந்தார்.

"மாமா, பம்பு எங்கீங்க?"

"பத்திரமா இருக்குதுங்க மாப்பிள்ளை. தண்ணியே இல்லாத சீமைக்கு அது எதுக்குங்க? நம்ம கெணத்துல மாட்டிப்போட்டேன், ஜோரா எறைக்குது."

ரயில் நகர்ந்தது. அவர் கூடவே நடந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"பயப்படாதீங்க, கம்பெனி பொருளுன்னு ஊர்ல ஒருத்தருகிட்டயும் மூச்சு விடலீங்க."